தொடக்கநிலை 4 பயிற்சித்தாள்: கடகடவென்று முடிக்கிறார்கள், மனத்தில் ஒன்றும் தங்கவில்லை

சனிக்கிழமை_டீச்சர் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு சின்னத் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை காலை, தொடக்கநிலை 4 (நான்காம் வகுப்பு), பன்னிரண்டு பிள்ளைகள். பள்ளியில் வேலை பார்ப்பவள் இல்லை, அதனால் பக்கத்து மேசை ஆசிரியரிடம் யோசனை கேட்கிற வசதி எனக்குக் கிடையாது, இங்கேதான் கேட்க வேண்டும்.

பயிற்சித்தாள் எல்லாம் நானே தயாரிக்கிறேன். மேலே ஒரு கட்டத்தில் எட்டுச் சொற்கள், கீழே எட்டு வாக்கியங்கள், கோடிட்ட இடத்தை நிரப்புக. அப்புறம் ஒரு சின்னப் பத்தி, அதற்கு ஐந்து கேள்விகள். வழக்கமான அமைப்புதான். பிள்ளைகள் சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள், முக்கால்வாசி சரியாகவும் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றால் என் முகத்தையே பார்க்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் தமிழ்நாட்டிலிருந்து போன வருடம் வந்தவர்கள். அவர்கள் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற நாலைந்து பேர், முதல் வரியிலேயே நின்றுவிட்டு ஓரத்தில் டைனோசர் வரைந்துகொண்டிருப்பார்கள் (நன்றாகவே வரைகிறார்கள், அது வேறு விஷயம்).

கான்வா என்ற வடிவமைப்புச் செயலியில் பூங்கரை, கார்ட்டூன் யானை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. தாளைக் கையில் வாங்கும்போது ஒரு சந்தோஷம், அதோடு சரி. பெற்றோர் சிலர் வாசலில் என்னிடம் கேட்பது "இன்னிக்கு எத்தனை பக்கம் செஞ்சாங்க டீச்சர்?" என்பது மட்டும்தான்.

பிள்ளைகள் உண்மையிலேயே யோசித்துச் செய்கிற மாதிரி ஒரு தாளை எப்படி அமைப்பது? எல்லாருக்கும் ஒரே தாளா, இல்லை தரம் பிரித்துத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா? படம் வேண்டுமா வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வெண்பலகை எழுதியது:

டீச்சர், நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். பதில் சொல்வதற்கு முன் உங்களுக்கு ஒரு கருத்தறிதல் பயிற்சி:

"குலிப்பன் நேற்று தெம்பூரில் ஒரு மொட்டணியைப் பிசுவினான். மொட்டணி குதழியதால் அவன் மிகவும் தொம்மினான்."

குலிப்பன் எதைப் பிசுவினான்? எங்கே பிசுவினான்? அவன் ஏன் தொம்மினான்?

மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள், இல்லையா? இதில் பாதிச் சொற்கள் நான் இப்போது உட்கார்ந்து இட்டுக்கட்டியவை, ஒன்றுக்கும் பொருள் கிடையாது. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது, வேலை முடிந்தது. நம் பிள்ளைகள் செய்வது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தாள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லையே.

அதனால் ஒரு தாளைத் தயாரித்ததும் நான் முதலில் பார்ப்பது, படிக்காமலேயே இதற்கு விடை எழுத முடியுமா என்பது. சொற்கட்டத்துக்கும் இதே சோதனைதான். எட்டு இடத்துக்கு எட்டே சொற்கள் கொடுத்தால் கடைசி மூன்று தானாக வந்து விழும். அதிலும் கட்டத்தில் "காய்கறி, ஓடினான், அழகான" என்று வெவ்வேறு வகைச் சொற்கள் இருந்தால் வாக்கியத்தின் பொருளே தேவையில்லை, காதுக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட்டால் போதும். எட்டு இடம் என்றால் பதினோரு சொற்கள் கொடுங்கள், எல்லாமே வினைச்சொல்லாகவோ எல்லாமே பெயர்ச்சொல்லாகவோ இருக்கட்டும். வேண்டுமானால் இடங்களை ஐந்தாகக் குறைத்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் "இங்கே ஏன் 'அவசரமாக' பொருந்தாது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் நடக்கிற யோசனை மற்ற இடங்கள் எல்லாவற்றிலும் சேர்ந்து நடக்காது.

கருத்தறிதல் கேள்விகளில் "யார், எங்கே, எப்போது" ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும், தயங்குகிற பிள்ளைக்கு அதுதான் படி. ஆனால் ஒன்றாவது முடிவெடுக்க வைக்கிற கேள்வியாக இருக்க வேண்டும். "கதையில் வரும் மூன்று பேரில் யாரை உன் குழுவில் சேர்த்துக்கொள்வாய்? அப்படிச் சொல்ல வைத்த வரியை அடிக்கோடிடு." எழுத வேண்டியது ஒரு பெயரும் ஒரு கோடும்தான், தமிழ் அதிகம் வராத பிள்ளையும் செய்துவிடும், ஆனால் பத்தி முழுவதையும் படிக்காமல் செய்யவே முடியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாலும் "நீ ஏன் இந்த வரியை எடுத்தாய்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

என் வகுப்பில் நன்றாக ஓடுகிற இன்னொரு வகை, இருவருக்கு இரண்டு தாள். லிட்டில் இந்தியாவில் செராங்கூன் சாலைப் பக்கத்தை ஒரு எளிய வரைபடமாக வரைந்துகொள்வேன், தேக்கா சந்தை, பஃப்ளோ ரோடு, கேம்பல் லேன், வீரமாகாளியம்மன் கோயில் எல்லாம் இருக்கும். 'அ' தாளில் பூக்கடையும் நகைக்கடையும் மட்டும் குறித்திருக்கும், 'ஆ' தாளில் சாப்பாட்டுக் கடையும் துணிக்கடையும் மட்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது, கேட்டுக் கேட்டுத்தான் தன் வரைபடத்தை நிரப்ப வேண்டும். "பூக்கடை எங்க இருக்கு?" "கோயிலத் தாண்டி வா, அப்புறம் லெஃப்ட்ல..." "லெஃப்டுக்குத் தமிழ்ல சொல்லு!" வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்புக்காரர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. பேசும்போது பேச்சுத்தமிழ், முடிந்ததும் கீழே மூன்று வாக்கியம் எழுத்துத்தமிழில். "பூக்கடை கோயிலுக்கு எதிரே இருக்கிறது." வேற்றுமை உருபுகள் பல அதில் வந்துவிடும், வேற்றுமை என்ற சொல்லை நான் உச்சரிக்கக்கூட மாட்டேன். பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் விட வேண்டும் என்று 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே பரிந்துரைத்துவிட்டது, ஆனாலும் நம் பயிற்சித்தாள்களில் இன்றைக்கும் அதற்கு இடம் இருப்பதில்லை.


ஷிஃப்ட்_அப்பா எழுதியது:

நான் ஓர் அப்பா, ஆசிரியர் இல்லை. கொஞ்சம் நேரடியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வரைபடம் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் தொடக்கநிலை 5. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வை நீக்கிவிட்டார்கள், நல்லதுதான், ஆனால் பிள்ளை எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிவதற்குப் பையில் வருகிற தாள்தான் மிச்சம். அதில் மூன்று வாக்கியமும் ஒரு வரைபடமும் இருந்தால் நான் என்ன என்று புரிந்துகொள்வது? எத்தனை பக்கம் என்று கேட்கிற பெற்றோர்களில் நானும் ஒருவன், டீச்சர். வேறு எதைக் கேட்பது என்று தெரியாததால்தான் கேட்கிறோம். அவள் இன்னமும் ல, ள, ழ மூன்றையும் போட்டுக் குழப்புகிறாள். அது பேசி விளையாடினால் சரியாகுமா, எழுதிப் பழகினால் சரியாகுமா? எங்கள் காலத்தில் பத்துத் தடவை எழுது என்பார்கள், எழுதினோம், வந்தது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். தமிழ் சரளமாகப் பேசுவேன், வாசிக்கும்போது மெதுவாகத்தான் வரும். இரவு வேலை முடிந்து வந்து மகளோடு உட்கார்ந்தால், தாளில் "பின்வரும் வாக்கியங்களில் கோடிடப்பட்டுள்ள சொற்களுக்குரிய எதிர்ச்சொற்களைத் தெரிவுசெய்து அவற்றின் எண்களை அடைப்புக்குறிக்குள் எழுதுக" என்று இருக்கும். கேள்வி சுலபம், அந்தக் கட்டளை வாக்கியத்தைத் தாண்டி வருவதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பயிற்சித்தாள் தயாரிக்கிறவர்கள் வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்றும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.


பழைய_சாக்பீஸ் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிப் பத்தியை நான் முழுமனத்தோடு ஒத்துக்கொள்கிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2 விழுக்காடு. அதே 2020இல் ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 59.2 விழுக்காடு. இந்த ஊரில் தாள் தயாரிக்கிறவர், பக்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு எழுதக் கூடாது. கட்டளையை நான்கு சொல்லில் முடியுங்கள், அதற்குக் கீழேயே ஒன்றைச் செய்து காட்டிவிடுங்கள். "எதிர்ச்சொல் எழுது. பெரிய × சிறிய." இதைப் பார்த்தால் தமிழ் வாசிக்கவே தெரியாத பாட்டிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று பிடிபட்டுவிடும்.

ஆனால் "பேசி விளையாடுவது" என்று தள்ளிவிடாதீர்கள். தொடக்கநிலை 6 முடிவில் எழுதுகிற பிஎஸ்எல்இ தேர்வில் தமிழுக்கு மொத்தம் 200 மதிப்பெண். கட்டுரை 40, மொழிப் பயன்பாடும் கருத்தறிதலும் 90, வாய்மொழி 50, கேட்டல் கருத்தறிதல் 20. கால்வாசி வாயால் வாங்க வேண்டிய மதிப்பெண். காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். எழுதி எழுதி மட்டுமே பழகிய பிள்ளை அங்கே போய் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சரி, பழகுவது பற்றி. பழக்கம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. எப்படிப் பழகுவது என்பதில்தான் பேச்சு. ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுதினால் ஐந்தாவது தடவைக்கு மேல் கை மட்டும் எழுதும். பார்க்காமல் ஒரு தடவை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள், ஆனால் இரண்டு நாள், ஒரு வாரம் என்று கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள்தான் அதிகம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை டீச்சரின் புகாரும் ஏறக்குறைய இதுதான்: அன்றைக்குச் சரி, அடுத்த வாரம் இல்லை. அதனால் தாளின் தலைப்பகுதியில் எப்போதும் மூன்று பழைய கேள்விகள் வையுங்கள், ஒன்று போன வாரத்துது, ஒன்று போன மாதத்துது, ஒன்று அதற்கும் முந்தியது. சொற்கட்டம் கிடையாது. தெரியாவிட்டால் காலியாக விடட்டும், பிறகு பார்த்து வேறு நிறத்தில் எழுதட்டும். அப்பாவுக்கும் அந்த மூன்று வரி போதும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ல ள ழ விஷயத்தில் ஒரு பக்கம் முழுக்க 'ள' சொற்கள், அடுத்த பக்கம் முழுக்க 'ழ' என்று கொடுத்தால் பிள்ளைக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லை, முதல் சொல்லிலேயே விடை தெரிந்துபோகிறது. கலந்து கொடுங்கள். "பள்ளிச் சுவரில் பல்லி." "வழி தெரியாமல் நடந்து கால் வலி." "அலை அடிக்கும் கடலுக்கு அண்ணனை அழை." நீங்கள் வாசியுங்கள், அவள் காதால் கேட்டு எழுதட்டும், அப்புறம் அவள் வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். அப்பாவின் எழுத்தைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு வருகிற உற்சாகம் இருக்கிறதே, அதற்கு எந்த யானைப் படமும் ஈடாகாது.

டீச்சருக்கு ஒன்று. முதல் வரியிலேயே நின்றுவிடுகிற பிள்ளைக்கு வெறும் கோடு போட்ட தாளைக் கொடுத்து "யோசி" என்றால் என்ன செய்யும்? செய்துகாட்டிய கணக்குகளைப் படித்த மாணவர்கள், தாங்களே முட்டி மோதிப் போட்டவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் என்று ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்கள். மொழிக்கும் அதைக் கொண்டுவரலாம். இரண்டாம் வேற்றுமைக்கு நான் தயாரித்த தாள் இப்படி இருக்கும். முதல் வரி முழுவதும் எழுதியிருக்கும்: "நான் அம்மாவைப் பார்த்தேன்." இரண்டாவதில் பாதி: "நான் அண்ணன்... பார்த்தேன்." மூன்றாவதில் அடைப்புக்குறிக்குள் 'மரம்' என்று மட்டும். இங்கேதான் பிள்ளை தடுமாறும், 'மரமை' என்று எழுதும், நல்லது, அந்த இடத்தில் நிறுத்தி 'மரத்தை' என்று பேசிக்கொள்ளலாம். நான்காவது வரியில் ஒன்றுமே இருக்காது, இன்று வகுப்புக்கு வரும் வழியில் எதைப் பார்த்தாய் என்று எழுத வேண்டும். நாலே வரிதான். நாற்பது வரிக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தால் எனக்கும் திருத்தி மாளாது.

கரை, பூ எல்லாம் எடுத்துவிடுங்கள் அம்மா. எங்கள் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி உருட்டிய தாள், மை கையெல்லாம் ஒட்டும், படமே கிடையாது. அதுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. படம் இருந்தால் அதில் விடை இருக்க வேண்டும், பிள்ளை அதை உற்றுப் பார்த்தால்தான் கேள்விக்குப் பதில் எழுத முடியும் என்றிருக்க வேண்டும். சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிற யானை கண்ணைத்தான் இழுக்கும்.


உயர்நிலை_மூணு எழுதியது:

பெரியவங்க பேசற இடத்தில் நுழைகிறேன், மன்னிச்சுக்குங்க. நான் இப்போதுதான் உயர்நிலை 3, தொடக்கப்பள்ளித் தாள் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. உண்மையைச் சொல்லவா? நாங்க நாலு பேர் சேர்ந்து கேள்விகளைப் பிரிச்சுக்குவோம், ஆளுக்கு ரெண்டு, அப்புறம் மாத்திக்குவோம். எட்டுக் கேள்வித் தாள் ரெண்டு நிமிஷத்தில் முடியும். வெண்பலகை சார் சொன்ன "அந்த வரியை ஏன் எடுத்தாய்" மாதிரி கேட்டிருந்தா மாட்டியிருப்போம்.

எனக்கு இன்னும் மறக்காத தாள் ஒன்று இருக்கு. எங்க ஆசிரியை, ஒரு பையன் தன் பாட்டிக்கு அனுப்பின வாட்ஸ்அப் செய்தி மாதிரி ஒன்றை எழுதி, அதில் பிழைகளை ஒளிச்சு வைச்சிருந்தார். "பாட்டி, நான் நாலை வருகிறேன், எனக்குப் புலி சாதம் வேண்டும்" என்று இருக்கும். எத்தனை பிழை என்று சொல்லவே மாட்டார், அதுதான் விஷயம். பத்து என்று சொல்லியிருந்தா பத்து கிடைச்சதும் பேனாவை மூடியிருப்போம். எண்ணிக்கை தெரியாததால் மணி அடிச்ச பிறகும் தேடிக்கிட்டிருந்தோம். அடுத்த வாரம் நாங்களே ஆளுக்கொரு செய்தி எழுதிப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்தோம். பிழையை வேணும்னே வைக்கணும்னா சரியான சொல் முதலில் தெரியணும் இல்ல?

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், எழுத இடம் கொடுங்க. ஆங்கிலத் தாளோட அமைப்பை அப்படியே எடுத்துக் கோடு போட்டிருப்பாங்க. அதில் "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்று எழுதிப் பாருங்க. கடைசி நாலு எழுத்து செங்குத்தா மேலே ஏறிப் போகும். அதுக்கும் 'கையெழுத்தைத் திருத்து' என்று சிவப்பு மையில் வரும்.


அச்சுப்பிரதி எழுதியது:

தம்பி சொன்ன கோடு விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டேன், நூற்றுக்கு நூறு உண்மை. நான் அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறவன், பாடம் பற்றி எனக்குத் தெரியாது, தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு அலங்கார எழுத்துரு வேண்டவே வேண்டாம். பல எழுத்துருக்களில் 'ர' எது, துணைக்கால் எது என்று பெரியவர்களே தடுமாறுவோம், ன, ண சுழிகளும் ஒட்டிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை இலவசம், தெளிவாகவும் இருக்கும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுகிற வசதியைத் தமிழுக்குத் தொடாதீர்கள், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். ஆனால் வரிகளுக்கு இடையே தாராளமாக விடுங்கள், நம் எழுத்துகளில் மேலேயும் வளைவு, கீழேயும் வளைவு, நெருக்கினால் 'கி' மேல்வரியின் 'கு'வில் போய் இடிக்கும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் 'கொ', 'கோ' எல்லாம் உடைந்து வரும், வந்தால் அந்த வரியைத் திரும்பத் தட்டச்சு செய்துவிடுவதுதான் வேகம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எழுத்து உடைகிறது என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று, நிறத்தை நம்பிக் கேள்வி எழுதாதீர்கள். "சிவப்பில் உள்ள சொற்களை வட்டமிடுக" என்று இருக்கும், நகல் இயந்திரத்திலிருந்து எல்லாமே சாம்பலாக வரும், பிள்ளைகள் முழிக்கும்.


சனிக்கிழமை_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குலிப்பனை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன், அவளும் மூன்றுக்கும் சரியான விடை சொன்னாள்.

வரும் சனிக்கிழமைக்கு ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பு உணவங்காடி நிலையம். மேலே பழைய கேள்வி மூன்று. அப்புறம் ஒரு கடையின் விலைப்பட்டியல், படமாகவே, தோசை, பிராட்டா, மீகோரிங், தேத்தண்ணீர் எல்லாம் விலையோடு. கேள்வி ஒன்றுதான்: "உன்னிடம் பத்து வெள்ளி இருக்கிறது. தாத்தாவுக்குக் காரம் ஆகாது, தம்பி இறைச்சி சாப்பிட மாட்டான், உனக்குப் பசி. என்ன வாங்குவாய், ஏன்?" முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும். யார் யாரைப் பார்த்து எழுதினாலும் காரணம் வேறுபடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் தரம் பிரிக்கிற விஷயம் இன்னும் பிடிபடவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒரு பத்தியே எழுதிவிடுவார்கள், டைனோசர் குழு "தோசை" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இரண்டு தாளாகத் தயாரித்தால் யாருக்கு எது என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் கஷ்டமாக இருக்கிறது.


வெண்பலகை எழுதியது:

கேள்வி பிரமாதம், டீச்சர். கேட்கிறேனே என்று கோபிக்காதீர்கள், அந்தத் தாளை எனக்கும் அனுப்புவீர்களா?

இரண்டு தாள் வேண்டாம். வேலை எல்லாருக்கும் ஒன்றே, உதவியை மட்டும் கூட்டிக் குறையுங்கள். தாளின் அடிப்பகுதியில் ஒரு பட்டை விட்டு அதில் "... வாங்குவேன், ஏனென்றால் ...", "... -க்குக் காரம் ஆகாது, அதனால் ..." என்று இரண்டு மூன்று வாக்கியத் தொடக்கமும், ஐந்தாறு சொற்களும் போடுங்கள். தாளைக் கொடுக்கும்போதே எல்லாரையும் அதைப் பின்னால் மடித்து வைக்கச் சொல்லுங்கள். வேண்டும் என்கிறவர் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில வாரம் போனால் மடிப்பைத் திருப்பாமல் எழுதுவதையே ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் தூண்டிவிடவே வேண்டாம். பட்டையில் முழு விடை மட்டும் இருக்கக் கூடாது.

சீக்கிரம் முடிக்கிற இருவருக்கும் இன்னொரு பக்கம் நீட்டாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அதிக வேலை என்று ஆகிவிடும், அடுத்த வாரம் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வார்கள். உயர்நிலைத் தம்பி சொன்ன மாதிரி, அதே விலைப்பட்டியலை வைத்து அவர்களையே ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள், பட்டியலைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். நன்றாக இருந்தால் அடுத்த வாரத் தாளில் பெயர் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.


ஷிஃப்ட்_அப்பா எழுதியது:

பழைய சாக்பீஸ் ஐயா, நேற்று பல்லியையும் பள்ளியையும் வைத்து உட்கார்ந்தோம். என் எழுத்தில் மகள் நாலு பிழை கண்டுபிடித்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாய்மொழிக்கு 50 என்பது எனக்குத் தெரியாது, பள்ளிக் கூட்டத்தில் சொல்லியிருப்பார்கள், நான் வேலையில் இருந்திருப்பேன்.

டீச்சர், அந்தத் தாளை எனக்கும் ஒன்று. கட்டளை நாலே சொல்லில் இருக்கட்டும்.


சனிக்கிழமை_டீச்சர் எழுதியது:

கட்டாயம் அனுப்புகிறேன் அண்ணா. "வாசி. பேசு. முடிவெடு. எழுது." சரியாக நாலு. அச்சுப்பிரதி அண்ணா, மடிக்கிற பட்டை எவ்வளவு உயரம் இருக்கலாம்? ஏ4 தாள்தான், வீட்டு அச்சுப்பொறி.


அச்சுப்பிரதி எழுதியது:

அடியிலிருந்து 6 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் எழுத இடம் குறையும். மடிக்க வேண்டிய இடத்தில் முழுக் கோடு போடாதீர்கள், விட்டு விட்டுப் புள்ளிக்கோடாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அதன் மேலேயே விடை எழுதுவார்கள். வீட்டு அச்சுப்பொறி தாளின் விளிம்பு வரை அச்சடிக்காது, அதனால் பட்டையில் உள்ள சொற்களை அடி விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வையுங்கள். பின்னால் மடிக்கும்போது பட்டை தாளின் முதுகை மறைக்கும், ஆகவே பின்பக்கத்தின் அடிப்பகுதியில் எதுவும் அச்சடிக்காதீர்கள். மெல்லிய தாள் என்றால் எழுத்து மறுபக்கம் தெரியும், 80 கிராம் தாள் வாங்குங்கள்.